செங்கல் வைத்து அடைத்த வாசல்

அவனியாபுரம்
29 மே 2023

இந்து,

இதைப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். போனில் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். நேரில் வந்தால் வாட்ச்மேன் "மேடம் மீட்டிங்ல இருக்காங்க" என்கிறார். தபால்காரரை உன்னால் தடுக்க முடியாது, கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் என்னைப் பார்த்து ஓடி வந்து கையைப் பிடித்தவள் நீ. "ஏ தமிழு, ஒன் பொண்ணுக்கு மூணு வயசாச்சுல்ல? எங்க ஸ்கூலுக்குக் கூட்டிட்டு வாடி, நான் பாத்துக்கிறேன்" என்றாய். நான் கேட்கவே இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் கூப்பிடுகிறாளே என்று மனசு குளிர்ந்துபோய் வந்தேன். என் மகள் மதி வாக்கர் பிடித்து நடப்பாள் என்று அன்றைக்கு உன்னிடம் சொல்லவில்லைதான். ஏன் சொல்ல வேண்டும்? மற்ற அம்மாக்கள் "என் பிள்ளை நடக்கும்" என்று சொல்லிக்கொண்டா வருகிறார்கள்?

நாங்கள் பின்வாசல் வழியாக வந்தோம். எங்கள் காலனியிலிருந்து வாய்க்கால் பாலத்தைத் தாண்டினால் உன் பள்ளிக்கூடத்துப் பின்வாசல்தான். வேன் ஏறி இறங்குவதற்காகச் சிமெண்டுச் சரிவு போட்டு வைத்திருந்தாய். மதி அந்தச் சரிவில் என் கையைத் தட்டிவிட்டுத் தானாக ஏறினாள். மேலே போய் நின்றுகொண்டு "அம்மா, வா" என்று என்னைக் கூப்பிட்டாள். அதை நீ பார்க்கவில்லை. உன்னைப் பார்க்கக் காலையிலிருந்து மதியச் சாப்பாட்டு மணி அடிக்கிறவரை அந்த வாசலில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. "மேடம் எப்ப வருவாங்க?" என்று கேட்டதற்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மதி ஏர்போர்ட்டுக்கு இறங்கும் விமானங்களுக்கெல்லாம் டாட்டா காட்டிக் கை ஓய்ந்து என் மடியில் தூங்கிவிட்டாள்.

அப்புறம் நீ வந்தாய். வாக்கரைப் பார்த்தாய். உன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

பக்கத்தில் நின்ற உன் மாமனார் ராஜாராம் அய்யாவிடம் உங்கள் வீட்டுப் பாஷையில் ஏதோ சொன்னாய். எனக்குப் புரியாது என்று நினைத்தாய், இல்லையா? உன் வீட்டு முற்றத்தில் ஏழு வருஷம் விளையாடியவளடி நான். உன் அம்மா உன்னைத் திட்டுகிற வார்த்தையெல்லாம் எனக்கு அப்போதே மனப்பாடம். "இது ஒன்றை உள்ளே விட்டால் நாளைக்குக் காலனியே வந்து நிற்கும்." அதைத்தானே சொன்னாய்? அப்புறம் தமிழுக்கு மாறி, சிரித்துக்கொண்டே, "அப்ளிகேஷன் போடு தமிழு, ரூல் படி பாப்போம்" என்றாய்.

ரூல்படிதான் போட்டேன். ஏழைப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் பணம் கட்டும் கால்பங்கு இடத்தில் போட்டேன். மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்குக் குலுக்கல்கூடக் கிடையாது, முதல் இடம் அவளுக்குத்தான். வீடு மட்டும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். பின்வாசலுக்கு எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அதனால்தானே அந்த வாரமே பின்வாசலைச் செங்கல் வைத்து அடைத்தாய்? தூரம் அளக்க வந்த கல்வி ஆபீஸ்காரர் கண்மாய்க் கரையைச் சுற்றி, மெயின் ரோட்டில் ஏறி, உன் முன்வாசலில் பைக்கை நிறுத்தி, "தூரம் அதிகம்" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பொங்கலுக்கு மாடு ஓடும்போது நம் ஊரில் தெருவையே கம்பு கட்டி அடைப்பார்கள். மறுநாள் பிரித்துவிடுவார்கள். மூன்று வயதுப் பிள்ளைக்கு நீ செங்கல் வைத்துப் பூசியிருக்கிறாய்.

பெயர்ப் பட்டியல் ஒட்டிய அன்று உன் வாசலில் நின்று கத்தினேன் அல்லவா, அது ஆத்திரத்தில் செய்தது. இனிமேல் கத்த மாட்டேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். அடுத்தது உன் முறை.

தமிழ்வாணி


சிட்டுக்கூடு மழலையர் மற்றும் தொடக்கப்பள்ளி
தாளாளர் அலுவலகம்
8 ஜூன் 2023

திருமதி தமிழ்வாணி விக்ரம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றோம். பள்ளியின் பின்புற வாசல் குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதியே மூடப்பட்டது. தெரு நாய்கள் உள்ளே வருவதாகப் பெற்றோர் பலர் முறையிட்டிருந்தனர். தங்கள் விண்ணப்பம் தூரத்தின் காரணமாக அலுவலர்களால் நிராகரிக்கப்பட்டது. அதில் பள்ளி நிர்வாகத்துக்குப் பங்கில்லை. தங்கள் மகளின் தேவைக்கேற்ற சிறப்புப் பள்ளிகள் மதுரையில் உள்ளன. அவற்றை அணுகுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ச. இந்துப்ரியா, தாளாளர்

மேலே இருப்பது ஆபீசில் டைப் அடித்தது. இது என் கையெழுத்து.

தமிழ், உனக்கு வெட்கமாக இல்லையா? அத்தனை பெற்றோர் முன்னால் என்னை "நாடகக்காரி" என்றாய். என் மாமனாரை "பெரிய மனுசன் வேஷம்" என்றாய். அவர் அன்று இரவு சாப்பிடவில்லை. என் புருஷன் சாய்பிரசாத் என்னைக் கேட்டார், "இந்தச் சினேகிதத்துக்காகவா கோயில் வாசல்ல கையப் பிடிச்சே?" என்று. எனக்குத் தலை நிமிரவில்லை.

உன் பிள்ளைமேல் எனக்கு என்ன பகை? எங்கள் கட்டடத்துக்கு முன்னால் ஏழு படி இருக்கிறது. வாஸ்து பார்த்துக் கட்டியது. அவளை யார் தூக்குவது? விழுந்தால் யார் பதில் சொல்வது? மற்ற பிள்ளைகள் மிரண்டால் பணம் கட்டுகிறவர்கள் என்னைச் சும்மா விடுவார்களா? பள்ளிக்கூடம் நடத்திப் பார், தெரியும்.

உன் கல்யாணத்துக்கு நான் வருவதில் எங்கள் வீட்டில் ஒருத்தருக்கும் இஷ்டமில்லை. நான் சண்டை போட்டுக்கொண்டு உங்கள் காலனிக்குள் வந்தேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அதையெல்லாம் மறந்துவிட்டாய்.

என் வாசல். திறப்பதும் அடைப்பதும் என் இஷ்டம். உன்னால் முடிந்ததைப் பார்.

இந்து


அவனியாபுரம்
19 ஜூன் 2023

இந்து,

உன் கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது. மனசுதான் போய்விட்டது.

என் கல்யாணத்தில் சாப்பிட்ட ஒரு சாப்பாட்டை இத்தனை வருஷம் ஞாபகம் வைத்திருக்கிறாய் பார், அங்கேதான் நீ யாரென்று தெரிகிறது. உன் வீட்டில் நான் எம்புட்டு நாள் சாப்பிட்டிருக்கிறேன்! ஒருநாளாவது உனக்குப் பெருமை கொடுத்ததாகச் சொல்லிக் காட்டினேனா? நீ எங்கள் வீட்டில் சாப்பிட்டதை உபகாரம் என்று நினைத்திருக்கிறாய். நான் சினேகிதம் என்று நினைத்தேன். அந்தச் சாப்பாடு உனக்குச் செரித்திருக்கக் கூடாது.

நாய் வருகிறதாம். கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டால் நாய் வராது. செங்கல் வைக்கிறது நாய்க்காக இல்லை. அந்த ஏழு படி இருக்கிறதே, அதற்காகத்தான் நான் பின்வாசலில் வந்தேன். மதி ஏறக்கூடிய ஒரே வழியை அடைத்துவிட்டு, "அவளை யார் தூக்குவது" என்று என்னையே கேட்கிறாய். என்ன நெஞ்சழுத்தம் உனக்கு!

நேற்று கப்பலூரிலிருந்து வேலை முடிந்து வரும்போது ரிங் ரோட்டில் உன் பள்ளிக்கூட விளம்பரப் பலகையைப் பார்த்தேன். "அனைவரையும் அணைத்துச் செல்லும் கல்வி" என்று போட்டு, சக்கர நாற்காலியில் ஒரு குழந்தை சிரிக்கிற படமும் போட்டிருக்கிறாய். அந்தக் குழந்தை உன் பள்ளிக்கூடத்துக்குள் எந்த வழியாக வந்தது இந்து?

மதி ஊரடங்கில் பிறந்தவள் என்று உனக்குத் தெரியாது. ஊரே ஓடாமல் கிடந்த சித்திரை மாதம். விக்ரம் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர், வீட்டு வாசலில் ஆட்டோ நிற்கிறது, ஆனால் வெளியே எடுக்க முடியவில்லை. பனிக்குடம் உடைந்து ஒவ்வொரு தடுப்பிலும் நின்று நின்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிள்ளைக்கு மூச்சு தாமதமாகத்தான் வந்தது. அவள் கால் இப்படி ஆனதே அடைத்த பாதையால்தான். நீ இன்னொன்றை அடைத்திருக்கிறாய். உன்னை எப்படி விடுவேன்?

உன்னிடம் ஒரே ஒரு சந்தேகம் கேட்கவேண்டும். போன மாதம் எங்கள் கம்பெனிக்குத் தீயணைப்புத் துறையிலிருந்து வந்தார்கள். பின்பக்க வழியில் பிளாஸ்டிக் மூட்டைகளை அடுக்கி வைத்திருந்தோம். "ரெண்டாவது வழி எங்க?" என்று கேட்டார்கள். சூப்பர்வைசர் அசோக்குமார் மூட்டைகளுக்குப் பின்னால் கையைக் காட்டினார். கம்பெனியை இழுத்து மூடி எங்களையெல்லாம் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். மூட்டையை அகற்றின பிறகுதான் திறக்க விட்டார்கள்.

பெரியவர்கள் வேலை செய்கிற இடத்துக்கே இப்படி. உன் மாடியில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். உன் சமையல்கட்டு முன்வாசலை ஒட்டி இருக்கிறது. அங்கே தீப்பிடித்தால் பிள்ளைகள் எந்த வழியாக ஓடும்?

பதில் எனக்கு வேண்டாம். கேட்கிறவர்கள் வருவார்கள். அவர்களிடம் சொல்.

தமிழ்வாணி


மதுரை
4 செப்டம்பர் 2023

தமிழ்,

சாதித்துவிட்டாய். சந்தோஷமா?

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். பள்ளிக்கூட நேரத்தில், வேன் நிற்கிற நேரத்தில், பெற்றோர்கள் எல்லாம் பார்க்கிற நேரத்தில் வந்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்தார்கள். என் மாமனாரை, அறுபத்தெட்டு வயது மனுஷரை, "பச்சப் புள்ளைகள உள்ள வச்சுப் பூட்டியிருக்கீங்களே" என்று கேட்டார்கள். சான்றிதழ் புதுப்பிக்க மாட்டார்களாம். அது இல்லாமல் கல்வி அலுவலகத்தில் அங்கீகாரமும் நீட்டிக்க மாட்டார்களாம். வாட்ஸ்அப்பில் அம்மாக்கள் குழுவில் சுவரைப் போட்டோ எடுத்துப் போட்டுவிட்டார்கள். சில பிள்ளைகளுக்கு டி.சி. கேட்டு வந்து நிற்கிறார்கள். மாமனாருக்குப் பிரஷர் ஏறி ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறோம். வீட்டில் ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சுவர் வைக்கச் சொன்னது நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

நீ என்ன மனுஷிடி? உன்மேல் வருகிற ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலிக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் எனக்கு வேறு வழியில்லை.

மதியை நான் சேர்த்துக்கொள்கிறேன். அரசாங்க இடமெல்லாம் வேண்டாம், என் நிர்வாக இடம். ஒரு ரூபாய் கட்ட வேண்டாம். யூனிபார்ம், புஸ்தகம் எல்லாம் என் பொறுப்பு. நாளைக்கே கூட்டிக்கொண்டு வா. முன்வாசல் படியில் ஆயாவை விட்டுத் தூக்கச் சொல்கிறேன். பதிலுக்கு நீ புகாரைத் திரும்பப் பெற வேண்டும். சுவர் இருக்கட்டும், மாடியிலிருந்து இரும்பு ஏணி ஒன்று இறக்கி அவர்களைச் சமாளித்துக்கொள்கிறேன். இதைக் காலனியில் யாரிடமும் சொல்லக் கூடாது. அவ்வளவுதான்.

உனக்கு வேண்டியது உன் பிள்ளைக்கு இடம்தானே? இதோ தருகிறேன். எடுத்துக்கொண்டு என்னை விடு.

இந்து


அவனியாபுரம்
11 செப்டம்பர் 2023

இந்து,

உன் கடிதத்தை விக்ரமிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "எங்க போறீங்க?" என்றால், "யூனிபார்ம் அளவு குடுக்கப் போறேன். வாரியா, இல்ல இங்கனயே நின்னு சண்ட போடப்போறியா?" என்கிறார். எங்கள் வீட்டில் அன்றைக்கு நடந்த சண்டை தெருவுக்கே கேட்டது. "ஒன் வீம்புக்குப் புள்ள வாழ்க்கையப் பலி குடுக்காத தமிழு, அவ ஒண்ணும் ஒன் கோவத்துக்குப் பொறந்தவ இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போய் ஆட்டோவிலேயே படுத்துக்கொண்டார். அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு வாரமாக நான் சரியாகச் சாப்பிடவில்லை. உன் பள்ளிக்கூடத்து மஞ்சள் யூனிபார்மை மதிக்குப் போட்டுப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். எனக்கு அம்புட்டு ஆசை இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

ஆனால் நீ ஒன்று எழுதியிருக்கிறாய். ஆயா தூக்குவாள் என்று. மதியை யாராவது தூக்கினால் கடிப்பாள் இந்து. என்னையே கடிப்பாள். "நானே" என்பாள். அவள் முதலில் பேசிய வார்த்தையே அதுதான். தினமும் காலையில் அத்தனை பிள்ளைகள் பார்க்க, மூட்டை மாதிரி அவளைத் தூக்கிக்கொண்டு போனால் அவள் அங்கே என்ன படிப்பாள்? தான் தூக்கப்பட வேண்டியவள் என்பதைப் படிப்பாள். பக்கத்திலேயே அவள் ஏறின சரிவு சுவருக்குப் பின்னால் கிடக்கும்.

இன்னொன்று, "காலனியில் சொல்லாதே" என்கிறாய். எதிர்வீட்டு மலையம்மாளின் பேரனுக்கும் தூரம் அதிகம் என்றுதான் எழுதினார்கள். கண்ணுச்சாமி அண்ணன் மகளுக்கும் அப்படித்தான். என் பிள்ளையால்தான் அவர்கள் வாசலும் அடைபட்டது. நான் மட்டும் உன் ஏழு படி ஏறி உள்ளே போய்விட்டு அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

ஆக, முடியாது. புகாரைத் திரும்பப் பெற மாட்டேன். உன் மாமனார் நல்லபடியாக வீட்டுக்கு வரட்டும், அவர்மேல் எனக்குப் பெரிய கோபமில்லை. உன்மேல்தான். இரும்பு ஏணி வைக்கிறாயாம். ஆறு வயதுப் பிள்ளை இரும்பு ஏணியில் இறங்கும் என்று அந்த அதிகாரியிடம் சொல்லிப் பார், என்ன சொல்கிறார் என்று கேட்போம்.

சுவரை இடி. அது ஒன்றுதான் உனக்கு வழி. நீ இடிக்கிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்க வேண்டும்.

தமிழ்வாணி


மதுரை
30 அக்டோபர் 2023

தமிழ்,

கேட்டதா சத்தம்?

இடித்தது யார் தெரியுமா, உங்கள் காலனி சிவபாண்டிதான். கட்டினவனும் அவன்தான். "நான் வச்ச கல்லு மேடம், எங்க தட்டுனா விழும்னு எனக்குத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே தட்டினான். கட்டினதற்கும் கூலி, இடித்ததற்கும் கூலி. எல்லாரும் ஜெயித்துவிட்டீர்கள். பிள்ளைகள் வருகிற நேரமும் போகிற நேரமும் இரண்டு வாசலும் திறந்திருக்க வேண்டும், பொறுப்பானவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டார்கள். முன்வாசலில் மாமனார் நிற்கிறார். பின்வாசல் என் தலையில் விழுந்தது. "நீ அடச்ச வாசல், நீயே நில்லு" என்று சொல்லிவிட்டார். தினமும் காலையில் சரிவின் உச்சியில் நிற்கிறேன். வாய்க்கால் நாற்றத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். உனக்கு நல்ல வேடிக்கையாக இருக்கும்.

ஆனால் கொஞ்சம் பொறு. நீ கணக்கில் விட்டது ஒன்று இருக்கிறது.

இந்த வருஷ இடமெல்லாம் முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் வாசல் திறந்திருக்கும், தூரம் சரியாக இருக்கும், உங்கள் காலனி முழுக்க விண்ணப்பம் போடும். போடட்டும். ஆனால் உன் மதிக்கு அப்போது நாலு வயது தாண்டியிருக்கும். எல்கேஜி அரசாங்க இடத்துக்கு வயது போச்சு. எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்த இடம் எல்கேஜியில் மட்டும்தான். நான் செய்தது இல்லை, ரூல். உனக்குத்தான் ரூல் என்றால் உயிராயிற்றே?

நிர்வாக இடம் தருகிறேன் என்று கையைப் பிடித்துக் கேட்டேன். வேண்டாம் என்றாய். இனி நீயே வந்து என் காலில் விழுந்தாலும் கிடையாது. ஊர்ப் பிள்ளைக்கெல்லாம் வாசல் திறந்துவிட்டு உன் பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டாய். அதை நான் செய்யவில்லை தமிழ். நீ செய்தாய். இதை நினைத்துக்கொண்டு தூங்கு.

இந்து


அவனியாபுரம்
17 ஜூன் 2024

இந்து,

உன் கடைசிக் கடிதத்துக்கு இத்தனை மாதம் பதில் எழுதாமல் இருந்தேன். நான் நொறுங்கிப்போனேன் என்று நினைத்திருப்பாய். வயது தாண்டும் என்று எனக்குத் தெரியாதா? அவளைப் பெற்றவள் நான். உன் நிர்வாக இடத்தை வேண்டாம் என்று எழுதிய அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் எழுதினேன். விக்ரம் அதற்காக என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. இப்போதும் உன் பள்ளிக்கூட வேன் எதிரே வந்தால் ஆட்டோவை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு வேறு பக்கம் பார்ப்பார். அது எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. அந்த வலிக்கும் சேர்த்துத்தான் உன்மேல் ஆத்திரம்.

போன வாரம் உன் பள்ளிக்கூடம் திறந்தது. மலையம்மாள் பேரன் விஜய்ஆனந்த் போனான், கண்ணுச்சாமி அண்ணன் மகள் போனாள், இரண்டு பேரும் மதிக்குச் சில மாதம் இளையவர்கள், வயது தாண்டவில்லை; கீழத்தெருப் பிள்ளைகள் போனார்கள். தலைக்கு எண்ணெய் தடவி, மஞ்சள் யூனிபார்ம் போட்டு, வாய்க்கால் பாலத்தில் வரிசையாக வந்தார்கள். பெற்றவர்கள், பார்க்க வந்தவர்கள் என்று கூட்டம். நீ சரிவின் உச்சியில் நின்றாய். நான் பாலத்தில் நின்று உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "காலனியே வந்து நிற்கும்" என்று சொன்னாயே இந்து. வந்து நின்றதா? எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

மதியை எங்கள் அங்கன்வாடியில் விட்டிருக்கிறேன். முனீஸ்வரி டீச்சர் தன் நாற்காலிக்குப் பக்கத்திலேயே அவளை உட்கார வைத்துக்கொள்கிறார். சுவரில் ஒரு கம்பி அடித்துக் கொடுத்திருக்கிறார், அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வருகிற வருஷம் மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. அவளுக்கு இடம் இருக்கிறது, நீ கவலைப்படாதே.

விஜய்ஆனந்துக்கு அவள்தான் சேக்காளி. அவனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டால்தான் அங்கன்வாடிக்குப் போவேன் என்று அடம் பிடிக்கிறாள். விடட்டுமே என்று நானும் அனுப்புகிறேன். வாக்கரைத் தள்ளிக்கொண்டு அந்தச் சரிவில் தானே ஏறி உன் முன்னால் வந்து நிற்கிறாள். அவனை உள்ளே அனுப்பிவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்து, "குட் மார்னிங் மிஸ்" என்கிறாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மற்ற பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுப் பழகிக்கொண்டாள். பிறகு வாக்கரைத் திருப்பிக்கொண்டு இறங்கிவிடுகிறாள்.

முதல் நாள் நீ தலையைத் திருப்பிக்கொண்டாய். அவள் நகரவில்லை. நீ பதில் சொல்கிறவரை நின்றாள். அப்புறம் சொன்னாய். பாலத்திலிருந்து உன் உதடு அசைந்தது தெரிந்தது.

இனி தினமும் சொல்ல வேண்டும். மழை பெய்தாலும் சொல்ல வேண்டும். அவளை உள்ளே விடாதவள் நீ என்று அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். எனக்கு அது போதும்.

தமிழ்வாணி


மதுரை
22 ஆகஸ்ட் 2024

தமிழ்,

இதைத் தபாலில் அனுப்பவில்லை. மலையம்மாளிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

இந்த வாரம் முழுக்க மதி வரவில்லை. விஜய்ஆனந்தை அவன் பாட்டிதான் கூட்டி வருகிறார். அவரிடம் கேட்டால் "எனக்குத் தெரியாதும்மா, அவ ஆத்தாளக் கேளு" என்கிறார். அங்கன்வாடிக்கும் ஆள் அனுப்பிப் பார்த்தேன். முனீஸ்வரி டீச்சர் "நல்லாத்தான் இருக்கா" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். நல்லா இருந்தால் ஏன் வரவில்லை? காலில் ஏதாவது ஆனதா? ஆபரேஷன் என்று ஏதோ பேச்சு அடிபட்டதே, நிஜமா?

சிரிக்காதே. நீ எதற்காக அவளை அனுப்பினாய் என்று எனக்குத் தெரியும். ஆரம்பத்தில் அவள் சரிவில் ஏறும்போதே நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். உன்னை நினைத்து நினைத்துத் திட்டிக்கொண்டு நிற்பேன். அப்புறம் எப்போது மாறியது என்று தெரியவில்லை. ஒருநாள் வாக்கர் சக்கரம் கல்லில் மாட்டிக்கொண்டது. நான் தூக்கப் போனேன். கையில் கடித்துவிட்டாள். "நானே" என்றாள். நீ எழுதியது ஞாபகம் வந்தது. அந்த இடத்திலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது, பிள்ளைகளெல்லாம் பார்க்க. மறுநாள் அந்தக் கல்லைப் பெயர்த்துவிட்டுப் பூசச் சொன்னேன். ஓரத்தில் அவள் உயரத்துக்குக் கம்பியும் பிடிக்கச் சொன்னேன். எந்த அதிகாரியும் சொல்லவில்லை, நானாகச் செய்தேன்.

அவளை நான் சேர்த்துக்கொள்கிறேன். யுகேஜியில், இப்போதே. என் இடம், பணம் கிடையாது, கண்டிஷன் கிடையாது. ஊரெல்லாம் சொல்லிக்கொள். அந்தச் சரிவிலேயே அவள் ஏறி வரட்டும். அன்றைக்கு மாமனாரிடம் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. எங்கள் வீட்டுப் பாஷை தெரிந்த உன் காதில் அது விழுந்திருக்கக் கூடாது. அப்படி இல்லை, அதைச் சொல்லியே இருக்கக் கூடாது.

காலையில் மணி அடித்த பிறகும் வாசலைச் சாத்தாமல் பாலத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அவள் எப்போது வருவாள், அதை மட்டுமாவது சொல்லிவிடு.

இந்து


அவனியாபுரம்
24 ஆகஸ்ட் 2024

இந்து,

மதிக்கு ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். ஆபரேஷனும் இல்லை, ஒன்றும் இல்லை. காலையில் "மிஸ்ட்ட போகணும்" என்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். நான்தான் அனுப்பவில்லை. வேறு வழியாக அங்கன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஆரம்பத்தில் அவளைப் பார்க்க உனக்குச் சங்கடமாக இருந்தது, அதனால் அனுப்பினேன். போன வாரம் பாலத்திலிருந்து பார்த்தேன், நீ குனிந்து அவள் தலையைத் தடவிச் சிரித்துக்கொண்டிருந்தாய். அவளும் சிரித்தாள். அன்றையோடு நிறுத்திவிட்டேன்.

நீ தருகிற இடம் எங்களுக்கு வேண்டாம். அதைக் காலனியில் வேறொரு பிள்ளைக்குக் கொடு, அதற்கும் வாக்கர் இருந்தால் ரொம்ப நல்லது. கம்பி பிடித்து வைத்ததற்கு நன்றி. அது யாருக்காவது உதவும்.

அவள் எப்போது வருவாள் என்று கேட்டிருக்கிறாய். அந்தச் சரிவின் உச்சியில் வெயிலில் அவளை மடியில் போட்டுக்கொண்டு நானும் இதேதான் கேட்டேன், நீ எப்போது வருவாய் என்று. எனக்கு யாரும் சொல்லவில்லை.

நில்லு.

தமிழ்வாணி